இடைவேளைக்கு ஒரு விமர்சனம்

தமிழ்நாட்டில் சினிமா விமர்சகர் அல்லாதவர் என்று யாரும் கிடையாது. தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டினால் போதும். ஒளிப்பதிவு, பின்னணி இசை, எடிட்டிங், ஹீரோயினுக்கு ஸ்கோப் இல்லாதது எல்லாவற்றையும் முப்பது செகண்டில் பிரித்து மேய்ந்துவிட்டு, பைக்கை எடுக்கப் போய்விடுவார்கள். ஆனால் படத்துக்கு நட்ட நடுவில் வருகிற அந்தப் பதினைந்து நிமிஷத்துக்கு மட்டும் யாரும் மார்க் போடுவதில்லை. 'இன்டர்வெல் பிளாக் செம' என்பார்கள். அது இடைவேளைக்கு முந்தைய காட்சியைப் பற்றியது. இடைவேளையைப் பற்றி அல்ல.

இத்தனைக்கும் நம்முடைய மொத்த ரசனையும் அந்த இடத்தில்தான் இரண்டாக மடிகிறது. 'ஃபர்ஸ்ட் ஆஃப் ஓகே, செகண்ட் ஆஃப் இழுவை.' தமிழில் இதைவிட அதிகம் உழைத்த விமர்சன வாக்கியம் எனக்குத் தெரிந்து இல்லை. திருக்குறளுக்கே ஏழு சீர் தேவைப்பட்டது. இதற்கு ஆறே வார்த்தை. இடைவேளை இல்லாத ஊர்க்காரன் படம் இழுத்தால் 'இழுக்கிறது' என்று பொத்தாம்பொதுவாகத்தான் சொல்ல முடியும். எங்கிருந்து இழுக்கிறது என்று காட்ட நம்மிடம்தான் எல்லைக்கல் இருக்கிறது.

ஆகவே இந்த வாரம் இடைவேளை விமர்சனம்.

முதலில் பூர்வீகம். 35 எம்.எம். படம் நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி வேகத்தில் ஓடும். ஆயிரம் அடி கொண்ட ஒரு ரீல் பதினோரு நிமிஷம்தான் வரும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி, பதினாலு ரீல். இரண்டு புரொஜக்டர் வைத்திருந்த டவுன் தியேட்டரில் ஒன்று முடியும்போது இன்னொன்றை ஓட்டிச் சமாளித்துவிடுவார்கள். ஒரே ஒரு புரொஜக்டர் வைத்திருந்த டூரிங் டாக்கீஸில் ரீல் தீர்ந்ததும் லைட்டைப் போட்டாக வேண்டும். ஒரு படத்துக்கு மூன்று, நான்கு இடைவேளை. தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடு கட்டி உட்கார்ந்த காலத்தைப் பற்றி அப்பா சொல்லும்போது, படத்தின் பெயர் மறந்திருக்கும்; எந்த இடைவேளையில் முறுக்கு, எந்த இடைவேளையில் கடலை மிட்டாய் என்பது மட்டும் துல்லியமாக ஞாபகம் இருக்கும்.

ராஜ்கபூர் 1964-ல் 'சங்கம்' படத்துக்கும் 1970-ல் 'மேரா நாம் ஜோக்க'ருக்கும் இரண்டிரண்டு இடைவேளை விட்டார். முதலாவது ஓடியது, இரண்டாவது வெளியான நேரத்தில் ஓடவில்லை. இடைவேளையின் எண்ணிக்கைக்கும் வசூலுக்கும் சம்பந்தமில்லை என்பது இதனால் பெறப்படும் நீதி.

இடைவேளை நம் கண்டுபிடிப்பு என்று மார்தட்டிக்கொள்ளவும் முடியாது. 'கான் வித் த விண்ட்' (1939), 'பென்ஹர்' (1959), 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' (1962) எல்லாமே இடைவேளை விட்டுக் காட்டப்பட்ட படங்கள்தான். பிறகு அவர்கள் அதைக் கைவிட்டார்கள். நாம் கைவிடவில்லை. 2023-ல் மார்ட்டின் ஸ்கார்சேஸியின் மூன்றரை மணி நேரப் படம் 'கில்லர்ஸ் ஆஃப் த ஃப்ளவர் மூன்' வந்தபோது, வெளிநாடுகளில் சில தியேட்டர்கள் ரசிகர்கள் மேல் இரக்கப்பட்டுத் தாங்களாகவே நடுவில் லைட்டைப் போட்டன. பெரிய தகராறாகி, நிறுத்தச் சொல்லி உத்தரவு போனது. நம் ஊரில் அதே செயலுக்குப் பெயர் தர்மம். அடுத்த வருஷமே 'த ப்ரூட்டலிஸ்ட்' என்று ஒரு படம், இயக்குநரே நடுவில் பதினைந்து நிமிஷம் இடைவேளை வைத்து, மிச்ச நேரத்தைத் திரையில் கடிகாரமாக ஓடவிட்டார். உலகமே அதை ஒரு புதுமையாகப் பேசியது. எங்கள் ஊர் டிக்கெட் கிழிப்பவருக்குத் தெரிந்திருந்தால் சிரித்திருப்பார்.

நாம் இடைவேளை இல்லாத இடத்திலும் அதைக் கண்டுபிடித்துவிடுகிற ஜனம். மார்கழி சபாக்களில் இடைவேளை கிடையாது. அதனால் என்ன? தனி ஆவர்த்தனம் இருக்கிறதே! மிருதங்கக்காரர் பாவம், நாலு வருஷமாக சாதகம் செய்த கோர்வையை வாசிக்க ஆரம்பிப்பார். அரங்கத்தில் பாதிப் பேர் கேன்டீன் பக்கம் நகர்ந்துகொண்டிருப்பார்கள்.

இப்போது கலை அம்சத்துக்கு வருவோம். தமிழ் சினிமாவில் எதை எதையோ எடுத்துப் பார்த்துவிட்டார்கள். 1954-லேயே எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' படத்தில் பாட்டை எடுத்துவிட்டார். 2019-ல் 'கைதி' பாட்டோடு கதாநாயகியையும் எடுத்துவிட்டது. இடைவேளையை மட்டும் எடுக்க ஆளில்லை. பார்த்திபன் 2022-ல் 'இரவின் நிழல்' படத்தை ஒரே ஷாட்டில் எடுத்தார். ஒரே ஷாட்டை எங்கே வெட்டி இடைவேளை விடுவது? படத்தை எப்படி எடுத்தோம் என்று அரை மணி நேரம் முதலில் காட்டி, அதன் பின்னால் இடைவேளை விட்டு, அதற்கப்புறம்தான் படத்தையே ஆரம்பித்தார். கதை தொடங்கும் முன்பே இடைவேளை! நான் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. இடைவேளையின் அதிகாரம் எவ்வளவு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. இந்தியில் கிரண் ராவ் 2011-ல் 'தோபி காட்' படத்தை இடைவேளையே இல்லாமல் வெளியிட்டார். அது இன்றைக்கும் தனியாகக் குறிப்பிட்டுச் சொல்கிற சங்கதியாக இருக்கிறது என்பதிலிருந்தே தெரியும், அந்தத் துணிச்சல் அதிகம் பரவவில்லை.

பரவ வேண்டியதும் இல்லை என்பது என் கட்சி. இடைவேளையை நன்றாகக் கையாளத் தெரிந்தவர் கையில் அது ஒரு நல்ல ஆயுதம். 2022-ல் வந்த 'விக்ர'மையே எடுத்துக்கொள்ளுங்கள். செத்துப்போனதாகச் சொல்லப்படும் ஒருவரைப் பற்றி முதல் பாதி முழுக்க விசாரித்துக்கொண்டே போகிறார்கள். அவர் சாகவே இல்லை, முகமூடிக்குப் பின்னால் இருப்பதே அவர்தான் என்று தெரிகிற இடத்தில் லைட்டைப் போட்டுவிடுகிறார் லோகேஷ் கனகராஜ். அந்தப் பதினைந்து நிமிஷமும் நாம் வரிசையில் நின்றுகொண்டே முதல் பாதியை மறுபடி மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறோம். இது இடைவேளை இல்லாத படத்தில் நடக்காது. வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் 'தொடரும்' போடுகிற கலை இது. தொடர்கதை படித்து வளர்ந்த நமக்கு அதன் ருசி தெரியும்.

பிரச்னை எங்கே வருகிறது என்றால், எல்லாருமே அந்த ஒரு காட்சிக்காகப் படம் எடுக்க ஆரம்பித்தபோது. கதை சொல்லப் போகிறவரிடம் முதல் கேள்வியே 'இன்டர்வெல் என்ன வெச்சிருக்கீங்க?' என்பதாகிவிட்டது. ஹீரோ திரும்பிப் பார்க்கிறார், மழை கொட்டுகிறது, பின்னணியில் டிரம்ஸ் அடித்து நொறுக்குகிறார்கள், எண்பது பேர் விழுகிறார்கள். பெரிய எழுத்தில் இடைவேளை. சரி, பதினைந்து நிமிஷம் கழித்து வந்து உட்கார்ந்தால் அவர் என்ன செய்வது? மறுபடியும் திரும்பிப் பார்க்க வேண்டியதுதான். ஒரு கதைக்கு ஒரு உச்சம் இருக்கலாம். இரண்டு உச்சம் வைத்தால் முதலாவதுக்கே சரக்கு தீர்ந்துவிடுகிறது. பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், முதல் ஆறு மாசத்திலேயே வருஷ பட்ஜெட்டைச் செலவு செய்துவிட்டு, அடுத்த ஆறு மாசம் ஃப்ளாஷ்பேக் காட்டி ஒப்பேற்றுவது. 'செகண்ட் ஆஃப் இழுவை' என்ற மூன்று வார்த்தைக்குப் பின்னால் இருக்கிற கணக்கு இவ்வளவுதான்.

இங்கிலீஷ் படங்களின் கதி இன்னும் பரிதாபம். எடுத்தவருக்கு நடுவில் வெட்டு விழும் என்று தெரியாது. நம் ஊரில் ஏதோ ஓரிடத்தில் வெட்டிவிடுவார்கள். ஒரு பெண்மணி கண்ணீரோடு 'ஐ நெவர்...' என்று ஆரம்பிக்க, 'காம்போ ஆஃபர்' விளம்பரம் வந்துவிடும். என்ன நெவர் என்று அறியப் பதினைந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். அதற்குள் அந்தம்மாவின் சோகம் நமக்குப் போய்விடும்.

கலையை விடுங்கள். என் துறை வணிகவியல், அதற்கு வருகிறேன்.

தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு அரசாங்கம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2017 அக்டோபரில் மல்டிப்ளெக்ஸுக்கு அதிகபட்சம் 150 ரூபாய், வரி தனி என்றார்கள். அந்த டிக்கெட் பணத்திலும் முதல் வாரத்தில் பாதியோ அதற்கு மேலோ விநியோகஸ்தருக்குப் போய்விடும். ஏ.சி. ஓட வேண்டும், வாடகை கட்ட வேண்டும், துடைத்துப் பெருக்க ஆள் வேண்டும். உச்சவரம்பு இல்லாத, பங்காளி இல்லாத ஒரே வருமானம் எது? சோளம். ஒரு சோள முத்துக்குள் இருக்கிற துளி ஈரம், 180 டிகிரி சூட்டில் ஆவியாகி, தோலை வெடித்துக்கொண்டு வெளியே வருகிறது. அவ்வளவுதான் விஷயம். பௌதிகப்படி கைப்பிடிச் சோளம் ஒரு டப்பாவை நிரப்பிவிடுகிறது. காஸ்ட் அக்கவுன்டன்சியில் 'கான்ட்ரிபியூஷன்' என்று ஒரு பாடம் உண்டு. கல்லூரியில் எனக்கு அது புரியவில்லை. பாப்கார்ன் கவுன்ட்டரில் நின்ற அன்றைக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது. ஆக, தியேட்டர்காரர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று திட்டுவது சுலபம். அவர்கள் உண்மையில் சினிமா காட்டுகிற ஓட்டல்காரர்கள். அப்படிப் பார்த்தால் எல்லாம் சரியாக விளங்கும்.

சர்க்காருக்கும் இது விளங்கியிருக்கிறது. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் பாப்கார்னைப் பற்றி ஒரு விளக்கம் கொடுத்தது. உப்பு, காரம் போட்டு உதிரியாக விற்றால் 5 சதவீதம். அதையே லேபிள் ஒட்டிப் பாக்கெட்டில் விற்றால் 12. சர்க்கரைப் பாகு ஊற்றி கேரமல் ஆக்கினால் அது மிட்டாய் ஜாதி, 18. ஒரே சோளம், மூன்று வரி! 2025 செப்டம்பரில் வரி அடுக்குகளைக் குறைத்தபோது, உப்புச் சோளத்துக்குப் பாக்கெட் பேதம் போய்விட்டது. கேரமலுக்கு 18 அப்படியே இருக்கிறது. தியேட்டரில் டிக்கெட்டோடு சேர்த்து ஒரே விலையாக விற்றால் சோளமும் டிக்கெட்டாகிவிடும், டிக்கெட்டுக்கு என்ன வரியோ அதுதான் சோளத்துக்கும். இவ்வளவு நுட்பமாக யோசிக்கத் தெரிந்த திரைக்கதாசிரியர் நம்மிடம் இருந்தால் செகண்ட் ஆஃப் ஏன் இழுக்கப்போகிறது?

வீட்டிலிருந்து இரண்டு தட்டையைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோகலாமா என்றால், முடியாது. உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் வெளி உணவை அனுமதிக்கச் சொல்லி 2018-ல் போட்ட உத்தரவை ரத்து செய்து, தியேட்டர் என்பது தனியார் சொத்து, என்ன உள்ளே வரலாம் என்று முடிவு செய்ய உரிமையாளருக்கு உரிமை உண்டு என்றது. ஒருவர் ஜிலேபி கொண்டுவந்து சாப்பிட்டுவிட்டு சீட்டில் கையைத் துடைத்தால் என்ன செய்வது என்று விசாரணையின்போது தலைமை நீதிபதியே கேட்டார். நியாயமான கேள்வி. அதே தீர்ப்பில் இரண்டு விஷயங்கள் நமக்குச் சாதகமாக இருக்கின்றன. சுத்தமான குடிதண்ணீர் இலவசமாகத் தர வேண்டும். கைக்குழந்தைக்கான உணவைப் பெற்றோர் கொண்டுபோகலாம். கடவுள் வாழ்த்து மாதிரி இந்த இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அடுத்த தடவை தண்ணீர் டிரம் எங்கே என்று கேளுங்கள். ஏதோ மூலையில், தூண் மறைவில், டம்ளர் இல்லாமல் இருக்கும். ஆனால் இருக்கும்.

நான் சொல்ல வந்தது ஜிலேபியைப் பற்றி அல்ல. இடைவேளையில் எழுந்திருக்காதவர்களைப் பற்றி.

அடுத்த முறை லைட் போட்டதும் நீங்கள் அவசரமாக ஓடாமல் ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்து சுற்றிலும் பாருங்கள். சில குடும்பங்கள் அப்படியே உட்கார்ந்திருக்கும். அப்பா செல்போனை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா சின்னவனுக்குச் சட்டைப் பித்தானைச் சரி செய்வார். பெரியவள் பத்து வயசுக்காரியாக இருந்தால் எதுவும் கேட்க மாட்டாள், அவளுக்கு விவரம் தெரிந்துவிட்டது. சின்னவன் மட்டும் முன் சீட்டில் வந்து இறங்குகிற டப்பாவைப் பார்ப்பான். 'படம் முடிஞ்சதும் வெளியில வாங்கித் தரேன்டா' என்று ஒரு குரல் தாழ்ந்து கேட்கும். ஒரு கணக்கு போடுவோம். நாலு டிக்கெட் 600, மேலே வரி, நெட்டில் புக் செய்ததற்கு 'கன்வீனியன்ஸ் ஃபீ', வண்டி நிறுத்தக் காசு. இவ்வளவும் யோசித்து, மாசக் கடைசி இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துத்தான் அவர் வந்திருப்பார். டப்பா ஒன்று 200 ரூபாய் என்று வைத்தால்கூட, இன்னும் நாலு டிக்கெட் எடுத்த மாதிரி ஆகிவிடும். அவர் படத்துக்கு வந்ததற்காக அல்ல, நடுவில் பதினைந்து நிமிஷம் லைட் போடுகிறார்களே என்பதற்காக சங்கடப்படுகிறார். படம் ஓடுகிற வரைக்கும் இருட்டில் எல்லாரும் ஒரே ஜாதி. லைட் போட்டால்தான் தெரிந்துவிடுகிறது.

டூரிங் டாக்கீஸில் தரை, பெஞ்சு, சேர் என்று மூன்று வகுப்பு இருந்தது, உட்காரும் இடம் வேறு வேறு. அந்த நாளை ரொம்பப் புகழவும் வேண்டாம். ஆனால் இடைவேளையில் தரைக்காரரும் சேர்காரரும் கடித்தது ஒரே முறுக்குதான். முறுக்குக்கு பால்கனி ரேட் கிடையாது. இன்றைக்கு சீட்டெல்லாம் ஒரே மாதிரி மெத்தென்று இருக்கிறது. வகுப்பு, தின்பண்டத்துக்கு மாறிவிட்டது. இதைத்தான் இடைவேளையின் பெரிய குறையாகச் சொல்வேன். செகண்ட் ஆஃப் இழுத்தால் மறந்துவிடலாம். 'வேண்டாம், அடுத்த படம் டி.வி.யில் வரும்போது பார்த்துக்கலாம்' என்று அந்த அப்பா முடிவு செய்துவிட்டால், தியேட்டர்காரருக்கு நாலு சீட் நஷ்டம், சினிமாவுக்கு இரண்டு குழந்தைகள் நஷ்டம்.

எழுந்து போகிறவர்கள் பாடு மட்டும் ராஜபோகமா என்றால் அதுவும் இல்லை. இருநூறு சீட் அரங்கு என்று வையுங்கள். மூன்று பில்லிங் ஆள், ஒரு ஆர்டருக்கு ஒரு நிமிஷம் என்றால் பதினைந்து நிமிஷத்தில் நாற்பத்தைந்து பேர். மிச்சப் பேர் ரெஸ்ட் ரூம் வரிசையில். பெண்கள் வரிசை, சொல்லவே வேண்டாம், எப்போதும் இரண்டு மடங்கு நீளம். இந்தச் சிரமத்தைத் தீர்க்க, சீட்டிலேயே க்யூ.ஆர். கோடு ஒட்டி, உட்கார்ந்த இடத்துக்கே கொண்டுவந்து தருகிறார்கள். செகண்ட் ஆஃபில் ஹீரோவின் தங்கை கடைசி மூச்சு விடும் நேரத்தில், டார்ச் வெளிச்சத்தோடு ஒரு தம்பி குனிந்து 'சார், எச் 14... சீஸ் நாச்சோஸ்?' என்பான். எச் 14 நாம் இல்லை. எச் 14 யார் என்று வரிசை முழுக்கத் தேடி முடிப்பதற்குள் தங்கை போய்ச் சேர்ந்திருப்பாள்.

விளம்பரத்தின் கதை தனி. 2025 பிப்ரவரியில் பெங்களூரு நுகர்வோர் ஆணையம் ஒன்று, நாலு மணி ஐந்து நிமிஷக் காட்சியை நாலரை மணிக்கு ஆரம்பித்ததற்காக ஒரு ரசிகருக்கு மன உளைச்சலுக்கு 20,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. இருபத்தைந்து நிமிஷ விளம்பரத்துக்கு! கையைத் தட்டி முடிப்பதற்குள் கர்நாடக உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்துவிட்டது. அதாவது, வழக்குக்கும் ஒரு இன்டர்வெல் பிளாக்.

எனக்கு இன்னொரு வருத்தம் உண்டு. இடைவேளை என்பது பக்கத்து சீட்காரரோடு பேசுவதற்காக இருந்தது. 'வில்லன் இவன் இல்லை சார், அந்த டாக்டர்தான்னு தோணுது' என்று முன்பின் தெரியாதவர் சொல்வார். இரண்டாம் பாதியில் அது பலித்துவிட்டால், திரும்பி ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், டைரக்டருக்கே அந்தப் பெருமிதம் வராது. இப்போது லைட் போட்ட அடுத்த நொடி எல்லாரும் வெளியூர்க்காரர்களுக்கு அறிக்கை அனுப்பிக்கொண்டிருக்கிறோம். ஃபர்ஸ்ட் ஆஃப் ரிப்போர்ட், இன்டர்வெல் பிளாக் ரிப்போர்ட். பாதிப் பரீட்சை எழுதியவனுக்கு மார்க் போட்டு ஊர் முழுக்க ஒட்டுகிற மாதிரி. முழுப் படத்தையும் பார்த்துவிட்டு வைய வேண்டும் என்கிற குறைந்தபட்ச நாகரிகம் பழைய டீக்கடை பெஞ்சு விமர்சகருக்கு இருந்தது.

வீட்டில் ஓ.டி.டி.யில் பார்த்தால் இந்தத் தொல்லை இல்லையே என்பீர்கள். இல்லைதான். அங்கே ஆளாளுக்கு ஒரு இடைவேளை. குக்கர் விசில் வந்தால் இடைவேளை, கூரியர் வந்தால் இடைவேளை. மழையும் டிரம்ஸுமாகப் படத்தின் நிஜ இடைவேளை வந்து, திரை முழுக்க அந்த வார்த்தை ஒரு செகண்ட் மின்னிவிட்டுப் போகும். ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்கள். பந்தி முடிந்த பிறகு வந்து நிற்கிற பாயசம் மாதிரி இருக்கும், பார்க்கவே பாவமாக.

தீர்ப்புக்கு வருகிறேன். இடைவேளை வேண்டும், அவசியம் வேண்டும். திரையில் கடிகாரம் ஓடட்டும், பதினைந்து என்றால் பதினைந்து. தண்ணீர் டிரம்மைத் தூணுக்கு முன்னால் வைத்து இரண்டு டம்ளர் சங்கிலி போட்டுக் கட்டட்டும். நாச்சோஸை யார் வேண்டுமானாலும் என்ன விலைக்கும் விற்றுக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. பக்கத்தில் ஒரே ஒரு கவுன்ட்டரில் இருபது ரூபாய்க்கு சுண்டலோ, சின்ன சமோசாவோ, ஒரு டீயோ விற்கட்டும். லாபம் குறையுமே என்றால், கணக்குப் படித்தவனாகச் சொல்கிறேன்: காலி சீட்டுக்கு நூறு பெர்சன்ட் நஷ்டம்.

மார்க் போட வேண்டாமா? இடைவேளையின் கதைக்கு அறுபது. கேன்டீனுக்குப் பன்னிரண்டு. டார்ச் தம்பிக்கு, அவன் மேல் தப்பில்லை, பாஸ் மார்க். தண்ணீர் டிரம் கண்ணில் பட்டால் கூட ஐந்து.